எந்த இரையில் பட்டது?

என் கராஜின் கூரை வளையில் ஒரு ரப்பர் இறால் தொங்குகிறது. தூண்டிலுக்குப் போடுகிற இறால். ஒரு சாண் தங்கூசி நூலில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டிருக்கிறேன். வாங்கும்போது உண்மை இறாலைப் போலக் கண்ணாடி நிறத்தில் இருந்தது. இப்போது வெளிறி, ஆறிப்போன பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு வைத்திருந்த கறுப்பு மணிகளில் ஒன்று விழுந்துவிட்டது. வாலில் பாதி இல்லை. கத்தியால் வெட்டியதுபோல நேராக இல்லாமல் கசக்கிப் பிய்த்ததுபோல இருக்கிறது. ஒரு கொடுவா மீன் செய்த வேலை அது. என்ஜின் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, உதென்ன அலங்காரமோ என்று கேட்பார்கள். நான் என்ஜினில் என்ன கோளாறு என்று திருப்பிக் கேட்பேன்.

அது என் சகலனுடையது. என் மனைவியின் அக்காவை, என் மச்சாளை, கட்டியவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அவரும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தோம். அந்த ஒரு விஷயத்தைத் தவிர எங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவும் இருக்கவில்லை. நான் தீவில், கீரி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவன், அப்பனும் கடல், அவன் அப்பனும் கடல். அண்ணை பாலத்துக்கு அப்பால், தரைப்பக்கத்து உயிலங்குளம். வயல்காரன், சைவக்காரன். மச்சாளை விரும்பி, அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, ஒரு புனிதருடைய பெயரையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் பங்குத்தந்தை ஒருவர்தான். கீரியில் எல்லோருக்கும் அவர் குளத்தான். குளத்து ஊரிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டு ஓம் என்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும்.

எங்கள் மாமா, எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்தவர், முன்பு வலைச் சம்மாட்டி. கையில் நாலு வள்ளம் இருந்த மனிதர். இளவயதில் தூண்டிலில் தொடங்கியவர் என்பதால் தூண்டில்காரனுக்குத்தான் மரியாதை கொடுப்பார். வலைக்காரனை, தன்னையும் சேர்த்து, வியாபாரி என்பார். அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் திருநாளன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசையில் ஒரு பெரிய மீன் வர வேண்டும். அது விலைக்கு வாங்கியதாக இருக்கக்கூடாது, வலையில் பட்டதாகவும் இருக்கக்கூடாது. வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் தூண்டிலில் பிடித்ததாக இருக்க வேண்டும். பிடித்தவனுக்கு மாமாவின் வலதுபக்கக் கதிரை. மீன்தலை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்கு. எல்லோருக்கும் பரிமாறியபிறகு, மாமா சோற்றில் கை வைக்குமுன் அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "எந்த இரையில பட்டது?"

அது தெரியாமல் கேட்கிற கேள்வி இல்லை. கதையைத் தொடங்கு என்று அர்த்தம். எந்த இடம், கடல்தண்ணி வத்தா பெருக்கா, என்ன காற்று, இரையை எப்படிக் கொழுவினாய், எப்படி இழுத்தது என்று அவன் சொல்ல வேண்டும். மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். கதை முடிந்தபிறகுதான் மாமா முதல் கவளம் எடுப்பார். அந்த வீட்டில் ஒருவனை ஆள் என்று ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். கலியாணம் கட்டிய முதல் வருஷமே நான் அந்தக் கதிரையில் இருந்தேன். அதற்காக நான் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. கழியில் எந்த வாய்க்காலில் கொடுவா நிற்கும் என்று எனக்கு நடக்கப் பழகியபோதே தெரியும். உயிர் இறாலைக் கொழுவிப் போட்டேன், பட்டது, கொண்டுவந்தேன்.

அண்ணை எனக்கு முன்னரே அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர். அவர் இருந்தது சமைக்கிற குசினிக்குப் பக்கத்து விறாந்தையில், பலகை வாங்கில். அங்கே போய் இரு என்று யாரும் சொன்னதில்லை. இங்கே வந்து இரு என்றும் யாரும் சொன்னதில்லை. மச்சாள் மேசைக்கு எல்லாம் பரிமாறிவிட்டு, தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வாங்கில் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவா. மேசையில் அவவுக்கு ஒரு கதிரை எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளை வந்து இரன் என்று மாமி கண்ணால் காட்டுவா. மச்சாள் பார்க்காததுபோல இருப்பா. கலியாணத்துக்குப் பிறகு அவ தன் தகப்பன் வீட்டு மேசையில் இருந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அண்ணை மீன் பிடிக்கத் தெரியாத ஆளும் இல்லை. குளத்தில் விரால் பிடிப்பதில் அவருடைய ஊரில் பெயர் எடுத்தவர். ஆனால் குளத்து வித்தையைக் கொண்டுவந்து கழியில் காட்டினார். தீவுக்கும் தரைக்கும் நடுவே, கண்டல் மரங்களுக்குள் கடல்தண்ணி ஏறி இறங்குகிற வாய்க்கால்களைத்தான் நாங்கள் கழி என்போம். முதல்முறை அவர் சிரட்டை நிறைய மண்புழு கொண்டுவந்தார். அந்தப் புழு உப்புத் தண்ணியில் கொஞ்ச நேரத்தில் வெள்ளை நூலாகப் போய்விட்டது. அடுத்தமுறை சின்னத் தவளைகள். விரால் என்றால் தவளைக்குப் பாய்ந்து வரும், கொடுவாவும் அதேபோலப் பெரிய வாய் உள்ள மீன்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் பிழை இல்லை. கொடுவாவுக்குத்தான் தவளை என்றால் என்னவென்று தெரியாது. பிறகு ஒருமுறை வாளியில் குளத்துக் கெண்டைக்குஞ்சுகளை உயிரோடு உயிலங்குளத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வழியெல்லாம் சாகாமல் காப்பாற்றிக் கொண்டுவந்தவர், கழிக்கரையில் இறங்கியதும் குஞ்சுகள் களைத்துப்போயிருக்கும் என்று பழைய தண்ணியைக் கொட்டி வாளி நிறையக் கடல்தண்ணியை ஊற்றினார். எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்று கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு திருநாள் சாப்பாடுவரைக்கும் வந்தது. மாமா சிரிக்கவில்லை. மருமகன் என்று ஒருத்தன் வந்து வாய்த்திருக்கிறான் என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடச் சிரித்திருக்கலாம்.

உயிர் இறாலுக்கு வாருங்கள் என்று நான் சொன்னேன். வீச்சு வலையால் இறால் பிடித்துக் கொடுத்தேன். இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும், அதில் தூண்டில் முள் பட்டால் செத்துவிடும், அதற்கு முன்னால் கொம்புக்குக் கீழே மேலோட்டமாகக் குத்த வேண்டும். நீரோட்டம் குறைவாக இருந்தால் வாலில் குத்தலாம், அப்போதுதான் அது பின்பக்கமாகத் துள்ளும். அண்ணையின் விரல்கள் மண்வெட்டி பிடித்த விரல்கள். கவனமாகத்தான் குத்துவார், ஆனாலும் கறுப்புப் புள்ளியிலேயே போய் ஏறும். செத்த இறாலைக் கொடுவா திரும்பியும் பார்க்காது. கெளிறுதான் வரும். கெளிறாகப் பிடித்து, அதன் முள்ளும் குத்தி, கை வீங்கி வீட்டுக்குப் போவார். ஏன் அண்ணை இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். சந்தையில் வாங்கினால் கிடைக்காத மீனா என்றேன். அவர் வீங்கிய கையைத் தண்ணிக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மீன் என்னத்துக்குத் தம்பி. வாங்கில இருந்து திண்டா எனக்குச் செமிக்காதே? செமிக்கும். அவள் தேப்பன்ர மேசையில இருக்கோணும். நான் ஏறாமல் அவள் ஏறமாட்டாள்."

அதற்குப் பிறகு நான் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை.

ரப்பர் இறாலை அவர் டவுனில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் வாங்கினார். உல்லாசத்துக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் வாங்குகிற சாமான் அது. எங்கள் ஆட்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மாமாவுக்கு அது சிரிப்புக்குரிய விஷயமாகவும் இருக்கவில்லை. தூண்டிலைப் பற்றி அவர் அடிக்கடி சொல்கிற ஒரு சொல் உண்டு. மீனுக்குத் தின்னக் குடுத்திட்டுத்தான் மீனைத் தின்னோணும் என்பார். ஒரு உயிர் இறாலைக் கொடுத்துத்தான் கொடுவாவைக் கேட்கிறோம், பசியோடு வந்ததை வெறும் வாயோடு கொல்லுவது பாவம் என்பார். இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். நல்ல சொல் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு வள்ளத்தில் வலை போட்டபோது எந்த மீனுக்கு என்ன தின்னக் கொடுத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணைக்கு ரப்பர் இறால் பொருந்தியதற்குக் காரணம், அது சாகாது. உயிலங்குளத்திலிருந்து கொண்டுவந்தாலும் சாகாது, எங்கே குத்தினாலும் சாகாது. ஆனால் அது உயிரோடு இருப்பதுபோலவும் காட்டாது. போட்டால் கல்லைப்போலத் தாழும், இழுத்தால் பழந்துணியைப்போல வரும். அண்ணை என்னிடம் ஒரு உயிர் இறாலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போத்தலில் கடல்தண்ணியும் கொண்டுபோனார். கண்ணாடிப் போத்தலுக்குள் அதை விட்டு, மச்சாளின் கொண்டை ஊசியால் தொட்டுத் தொட்டு, அது எப்படித் துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். இறால் முன்னுக்குப் பாயாது, பின்னுக்குத்தான் பாயும். ஒரு துள்ளு, பிறகு கொஞ்சம் தாழ்ந்துபோய் நிற்கும், பிறகு இன்னொரு துள்ளு. அதைப் பார்த்துவிட்டு ரப்பர் இறாலின் வயிற்றைக் கீறி ஈயத்தை எடுத்து இடம் மாற்றிவைத்தார். முள்ளையும் மாற்றினார். வயல் வாய்க்காலில் போட்டு இழுத்துப் பழகினார். மீனே இல்லாத வாய்க்காலில் ரப்பர் இறாலை இழுத்துக்கொண்டு வரம்பில் நடக்கிறான், கீரிக்காரர் மனுசனுக்குச் செய்வினை செய்துபோட்டினம் என்று அவருடைய ஊரில் கதைத்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். அங்கே குளத்தான் இல்லை, கீரியான். இரண்டு ஊரிலும் ஆள் மற்ற ஊர்க்காரன்.

எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த வருஷம் யாருக்கும் மறந்திருக்காது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. என் கராஜிலும் வேலை இல்லை. ஓடாத என்ஜினை யார் திருத்துவார்கள். திருநாள் வந்தபோது கீரியில் பல வீடுகளில் கருவாடுதான். மாமா வீட்டு மேசைக்கும் மீன் இல்லை. நான் தொடர்ந்து கழிக்குப் போனேன். சோழகக் காற்று அடங்கி, தண்ணி தெளிந்திருந்தது. தெளிந்த தண்ணியில் பேத்தை மீன் வந்துவிடும். உயிர் இறாலைப் போட்டால் அந்தப் பேத்தைகள் நாலு பக்கமும் கொறித்து வெறும் முள்ளைத்தான் மிச்சம் வைக்கும். இரையாகப் போட்டதெல்லாம் பேத்தைக்குப் போனது.

திருநாளன்று விடியக்காலையில் அண்ணை மச்சாளையும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். உயிலங்குளத்திலிருந்து பாலம் தாண்டி, இருட்டில் மிதித்து வந்திருந்தார். முதல் பூசைக்கு மணி அடித்தது, மச்சாள் கோயிலுக்குப் போனா, நாங்கள் இருவரும் கழிக்குள் இறங்கினோம். பெருக்கு நின்று வத்து தொடங்குகிற நேரம். நான் இறாலைப் போட்டேன், பேத்தை தின்றது. அண்ணை இறால் தலைகளை நசித்து அந்தச் சாற்றை ரப்பரில் பூசினார். கண்டல் வேர்களுக்கு அருகே எறிந்தார். தாழ விட்டார். விரலால் நூலை ஒரு சுண்டு, பிறகு நிற்க விட்டார், பிறகு ஒரு சுண்டு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பக்கத்தில் நிற்பதே வெட்கமாக இருந்தது, கரையில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று. அப்போதுதான் வேருக்குள்ளிருந்து தண்ணி பிளந்தது. கதவை அடித்துச் சாத்தியதுபோல ஒரு சத்தம். நூல் அவருடைய விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. விடுங்கோ, இழுக்காதேங்கோ, விடுங்கோ என்று நான் கத்தினேன். அவர் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை, மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் கயிற்றோடு கூட ஓடுவதுபோலச் சேற்றுக்குள் அந்த மீனோடு கூட நடந்தார். கழுத்தளவு தண்ணிவரை நடந்தார். நீச்சல் சரியாகத் தெரியாத மனுசன். கடைசியில் மீன்தான் களைத்தது. நான் பாய்ந்து செவுளுக்குள் கையை விட்டுத் தூக்கினேன். அந்தக் கழியில் நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கொடுவாவைக் கண்டதில்லை. அண்ணை சேற்றில் இருந்துவிட்டார். விரலிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மீனை நனைத்த சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது நான் சொன்னேன்.

"அண்ணை, மாமா கேட்டா இறாலில பட்டது எண்டு சொல்லுங்கோ. பொய்யும் இல்லைத்தானே. உயிர் இறால் எண்டு மட்டும் நீங்களாச் சேர்க்காதேங்கோ."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஓம் ஓம் என்றார்.

மீனைக் கண்டதும் மாமா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். எழும்பி வந்து, செவுளைத் திறந்து பார்த்து, அண்ணையின் தோளில் கை வைத்தார். அவர் அண்ணையைத் தொட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். மீனை மச்சாள்தான் வெட்டினா, மச்சாள்தான் சமைத்தா. வேறு ஒருவரையும் கை வைக்க விடவில்லை. பூசைக்குக் கட்டிய சீலையோடு அடுப்படியில் நின்று வியர்த்து, பிறகு முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு வந்தா. மேசையில், இத்தனை காலமும் வெறுமையாகக் கிடந்த கதிரையில் வந்து இருந்தா. மாமாவின் வலதுபக்கத்தில் அண்ணை. பாவம், கதிரையின் விளிம்பில்தான் இருந்தார். மீன்தலை அவருடைய கோப்பைக்கு வந்தது. வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிற நேரம், ஊரில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத மீன். மாமா சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த இரையில பட்டது?"

அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். நான் சொன்னதை அவர் மறக்கவில்லை, அது எனக்கு நிச்சயம். பிறகு மச்சாளைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். போத்தலில் இறாலை விட்டது, கொண்டை ஊசியால் தொட்டுப் பார்த்தது, ஈயத்தை இடம் மாற்றியது, வாய்க்காலில் பழகியது, செய்வினை என்று ஊர் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மீனைவிட அந்தக் கதைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதைக் கேட்டால் மாமா இன்னும் சந்தோசப்படுவார் என்று நம்பினார். நம்பினார் என்பதை நினைத்தால்தான் என் நெஞ்சு இப்போதும் வெடிக்கிறது. கதையின் முடிவில் சேட்டுப் பொக்கற்றிலிருந்து அந்த ரப்பர் இறாலை எடுத்து, பாதி வாலோடு, கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை கொண்டுவந்து வைப்பதுபோல.

மாமா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தின்னக் குடுக்காமல் கொல்லுறதுக்குப் பேர் மீன்பிடி இல்ல, ஏமாத்து. ஏமாத்தி எடுத்ததை நான் தின்னமாட்டன். முந்தியும் இந்த வீட்டில ஒண்டை ஏமாத்தித்தான் எடுத்தனீ."

நான் எழும்பிக் கத்தினேன். வலைக்கு என்ன இரை போட்டனீங்கள் மாமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுத முடியாததெல்லாம் கேட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணை தலை கிடந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. மச்சாள் மெதுவாக எழும்பினா. அந்த மீன்தலையை அவருடைய கோப்பையிலிருந்து எடுத்துச் சட்டிக்குள் போட்டா. மற்றவர்களின் கோப்பைகளில் கிடந்த துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டா. தகப்பனுடைய கோப்பையில் இருந்ததையும் எடுத்தா. சட்டியை மூடித் துணியால் கட்டினா.

"என்னை ஒருத்தரும் ஏமாத்தேல்லை அப்பா," என்றா. "நான் பாத்துத்தான் கடிச்சனான்."

பிறகு புருஷனைப் பார்த்து, வாங்கோ வீட்டை போவம் என்றா. அண்ணை எழும்பினார். கதிரையைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளி, பழையபடி மேசைக்குள் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அவமானப்படுத்தப்பட்ட இடத்தில்கூடக் கதிரையை ஒழுங்காக வைத்துவிட்டுப் போன மனுசன். சைக்கிளின் பின்னால் மச்சாள், மடியில் மீன் சட்டி. திருநாள் உடுப்போடு கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த சனத்துக்கு நடுவால் அவர்கள் போனார்கள். அந்த மீனை அன்று பின்னேரம் உயிலங்குளத்தில் அயல்வீட்டுக்காரர்களோடு இருந்து சாப்பிட்டார்களாம். அவ்வளவு ருசியான மீனை அந்தச் சனம் வாழ்க்கையில் தின்றதில்லை என்று மச்சாள் பிறகு சொன்னா.

மேசையில் கிடந்த ரப்பர் இறாலை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் உயிலங்குளத்துக்குப் போனேன். அண்ணை வாங்கவில்லை. உங்களிட்டையே கிடக்கட்டும், கழிக்கு வந்தால் எடுக்கிறன் என்றார். அவர் கழிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தீவுக்கே வரவில்லை. மாமா மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரே ஒருமுறை, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உயிர் இறாலுக்குள்ளயும் முள்ளுத்தானே தம்பி இருக்கு. மீனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அடுத்த அறுவடைக்கு அவர் இல்லாமல் போனார். நெல் வெட்டும் மெசின் இறங்குவதற்காக வரம்பை வெட்டிக் கொடுக்கப் போனவரைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மருந்தும் ஏற்றினார்கள், காப்பாற்ற முடியவில்லை. பாம்பு கடித்துத்தான் செத்தார். மாமா சொன்ன சொல்லால் சாகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அந்த மனுசன் மேசையில் ஒருநாள் நிமிர்ந்திருந்து, தன் மீன்தலையைத் தின்று முடித்துவிட்டு, அதற்குப் பிறகு செத்திருந்தால் இந்த வலி வேறு மாதிரி இருந்திருக்கும்.

மச்சாள் அவரைத் தீவுக்குக் கொண்டுவர விடவில்லை. அந்தப் பக்கத்துக் கோயில் சேமக்காலையில்தான் அடக்கம் செய்தோம். மாமா வந்தார். ஒரு கைப்பிடி மண் போட்டார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல பொடியன் என்றார். உயிரோடு இருந்தபோது அந்த மனுசன் கேட்க ஏங்கிய சொல் அதுதான். குழியை மூடியபிறகு சொல்கிறார். நான் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன்.

கதை அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாமா இப்போது ஒவ்வொரு திருநாளுக்கும் அந்த மீனைப் பற்றிக் கதைக்கிறார். எண்ணெய் இல்லாத வருஷம், ஊரில் ஒரு வீட்டிலும் மீன் இல்லை, என்ர மூத்த மருமகன் கழியில ஒரு கொடுவா பிடிச்சான் பாருங்கோ என்று தொடங்குவார். மீன் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. வந்திருக்கிற விருந்தாளிகளில் யாராவது எந்த இரையில் பட்டது என்று கேட்டால், உயிர் இறால் என்கிறார். சேர்க்காதேங்கோ என்று நான் அண்ணையிடம் சொன்ன அந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார். தலையைத் தானே எடுத்து மருமகனின் கோப்பையில் வைத்ததாகவும் சொல்கிறார். அறிந்து சொல்கிறாரா, வயதுபோய்த் தலைக்குள் எல்லாம் கலங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி, வயசுபோன மனுசன், விடுங்கோ என்கிறாள். நான் என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய் அந்த வாங்கில் இருந்து சாப்பிடுகிறேன். மச்சாள் இப்போது வருவதில்லை, மேசையில் அவவுடையதும் என்னுடையதுமாக இரண்டு கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

இந்த முறை திருநாளுக்குக் கொடி ஏறிய கிழமை மாமா கராஜுக்கு வந்தார். பாலத்துக்குப் போகிற வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு நேரெதிரேதான் என் கராஜ். ஓட்டோவிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. அண்ணாந்து வளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியை உயர்த்தி அதன் நுனியால் ரப்பர் இறாலை மெல்லத் தொட்டார். அது சுழன்றது. இருக்கிற ஒரு கண் இந்தப் பக்கம் வந்தது, பிறகு பாதி வால் வந்தது.

"எந்த இரையில பட்டது மாமா?" என்று நான் கேட்டேன்.

அவர் கைத்தடியை இறக்கி முழங்கால்களுக்கு நடுவே ஊன்றினார்.

"மூத்தவள் இந்த முறை வருவாளே மகன்?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். போய்க் கேளுங்கோ, உயிலங்குளத்தால் போகிற பஸ் முன்னுக்குத்தான் நிற்கும் என்றேன். திருத்திக்கொண்டிருந்த என்ஜினுக்குத் திரும்பக் குனிந்துவிட்டேன். பஸ் வந்து நின்றது. நடத்துனர் ஊர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது உள்ளே கேட்டது. மாமா எழும்புகிற சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பஸ் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் அதே கதிரையில், அதன் விளிம்பில், இருந்தார். மேலே இறால் இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.